ஆமைக்குப் பந்தல்

திருவிடந்தைக் கடற்கரையில் வேலி போட்ட ஓர் இடம் உண்டு. கடலாமைகள் இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை நாய்கள் தின்றுவிடாமல் எடுத்துவந்து, அங்கே மணலில் புதைத்து வைப்பார்கள். கல்லூரியில் படிக்கும் அன்பரசிதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளி விட்டதும் இனாயா அங்கே ஓடிவிடுவாள்.

மாசி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்தது. மணலில் செருகியிருந்த வெப்பமானியைப் பார்த்து அன்பரசி உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாக்கா ஆச்சு?”

“மணல் ரொம்ப சூடா கீது இனாயா. சூடு ஏறினா குஞ்சுங்க எல்லாமே பொண்ணாத்தான் பொறக்கும். உங்க அத்தா ஷாமியானா வாடகைக்கு வுடுறாரே, பழைய துணி ஒண்ணு வாங்கினு வர்றியா? நிழல் கட்டிடலாம்.”

இனாயா தலையாட்டினாள். ஆனால் அத்தாவிடம் கேட்கவே இல்லை. வீட்டில் மூன்று அண்ணன்கள், ஒரு தம்பி. டிவி ரிமோட் முதல் வறுத்த மீனின் நடுத்துண்டு வரை எல்லாம் அவர்கள் ராஜ்ஜியம். கடலிலாவது பெண்கள் கட்சி ஜெயிக்கட்டுமே!

அன்பரசி கேட்டபோதெல்லாம், “கல்யாண சீசன்கா, துணி எல்லாம் வெளிய போயிருக்கு” என்று சமாளித்தாள்.

சில வாரங்கள் ஓடின. ஒருநாள் சாப்பிடும்போது தம்பி அஃப்தாபிடம் பெருமையடித்தாள். “பாத்துக்கினே இரு. குழியில இருந்து வர்றது எல்லாம் பொண்ணுங்கதான். ஒரு பையன்கூட கிடையாது!”

அஃப்தாப் வாய் நிறையச் சோற்றோடு யோசித்தான். “அப்போ அதுங்க பெருசானா, அதுங்க குட்டிக்கு அத்தா யாரு?”

இனாயாவுக்குப் புரை ஏறியது. அத்தா இல்லாமல் குஞ்சு ஏது? இப்படியே வருஷா வருஷம் வெயில் ஏறினால், ஒருநாள் இந்தக் கரைக்கு வர ஆமையே இருக்காது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் குடோனுக்கு ஓடினாள். அங்கே அத்தா கம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தா, பழைய துணி ஒண்ணு குடுங்க. ஆமைக்குப் பந்தல் போடணும்.”

“ஆமைக்கா? கல்யாணமா, காதுகுத்தா?”

அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தாவின் சிரிப்பு நின்றது. துணியையும் கம்புகளையும் வண்டியில் ஏற்றினார். “எப்போ கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனேம்மா” என்றார். இனாயா கயிற்றுச் சுருளைத் தூக்கி வண்டியில் போட்டாள்.

குழிகளுக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்தல் எழுந்தது.

“அக்கா, இனிமே பையனும் பொறக்கும்ல?”

“புதுக் குழிங்கள்ல பொறக்கலாம். அந்த ஓரத்துல இருக்கிற பழைய குழிக்கு லேட்டாயிடுச்சு. உள்ள பொண்ணா பையனான்னு முடிவாகிற நாளு தாண்டிப் போச்சு.”

இனாயாவுக்கு அழுகை முட்டியது. “நான் அத்தாவ கேக்கவே இல்லக்கா. பொய் சொன்னேன்.”

அன்பரசி திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கயிற்றின் ஒரு முனையை அவளிடம் நீட்டி, “இழுத்துக் கட்டு, காத்து அடிக்குது” என்றாள். அன்றிலிருந்து தினமும் கயிற்றைச் சரிபார்ப்பது இனாயாவின் வேலை ஆயிற்று.

ஒரு மாலை, ஓரத்துக் குழியின் மணல் அசைந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. கூடையில் எடுத்துப்போய் அலைக்குச் சற்று முன்னால் விட்டார்கள். பார்க்க வந்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள். இனாயாவுக்குத் தட்ட மனம் வரவில்லை. தத்தித் தத்திப் போன கடைசிக் குஞ்சின் அருகே மண்டியிட்டாள்.

“சாரிடி” என்றாள் மெல்ல. “அடுத்த குழியில தம்பிங்க வருவானுங்க. கொஞ்சம் காத்துக்கினு இருங்கடி.”