ஸ்ரனிஸ்லாஸின் மரண அறிவித்தல்

ஸ்ரனிஸ்லாஸ் இறந்த செய்தியைச் சேகர் சனிக்கிழமை காலை வெளியிட்டார். மறுநாள் தேவாலயப் பூசை முடிந்த கையோடு ஸ்ரனிஸ்லாஸே நேரில் வந்து அது பிழையென்று சொன்னார்.

சிவகௌரியின் வீட்டு முன்னறையில் அவர்கள் கூடியிருந்தார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் சிவகௌரி. நோபல் பார்க்கில் வாழும் தமிழர்களின் எந்தச் சிக்கலும் கடைசியில் அவரிடம்தான் வரும். சேகர் கணினித் துறைக்காரர். ஊர்ச் செய்திப் பக்கம் ஒன்றையும் ஆசையாக நடத்தினார். காணாமற்போன பூனை முதல் கலியாணம், சாவு வரை எல்லாம் அதில் வரும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். நீளமாக வருவதைச் சேகர் வெட்டித் திருத்திப் போடுவார். இதையும் விசாரிக்காமல் போட்டுவிட்டார்; அந்தக் குற்ற உணர்வு முகத்தில் தெரிந்தது.

சிவகௌரி செய்தியை உரக்கப் படித்தார்.

"மன்னாரைப் பிறப்பிடமாகவும் நோபல் பார்க்கை வதிவிடமாகவும் கொண்ட ஸ்ரனிஸ்லாஸ் அவர்கள் வெள்ளிக்கிழமை திடீரெனக் காலமானார். அன்னார் றொமேஷ், அனோஜினி ஆகியோரின் பாசமிகு தந்தையும், மரியதாஸின் அன்புச் சகோதரரும் ஆவார்."

"உயிரோட இருக்கிற மனுசனைக் குசினிக்குள்ள விழுத்திச் சாக்காட்டிப் போட்டாங்கள்!" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

கூட வந்திருந்த மகன் றொமேஷ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வீட்டில தமிழ் டைப் பண்ணத் தெரிஞ்சது பார்கவிக்கு மட்டும்தான், அன்ரி. அவவுக்கும் அப்பாவுக்கும் போன கிழமை பெரிய சண்டை. கேட்டால், நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டு உடுப்பு அடுக்குறா."

பார்கவி அவன் மனைவி, கோயம்புத்தூர்ப் பெண்.

"மரியதாஸ் ஆர்?"

"சித்தப்பா. சிட்னியில, வென்ட்வேர்த்வில்லில இருக்கிறார். அம்மாவின்ர செத்தவீட்டுக்கும் வரேல்லை. அதோட அப்பா கதைக்கிறேல்லை. இப்ப செய்தியைப் பார்த்துட்டுக் காரில வாறாராம். ஃபோன் எடுக்கிறாரில்லை."

சிவகௌரி சேகரிடம் கை நீட்டினார். "உங்களுக்கு வந்ததைத் திருத்தாமல் காட்டுங்கோ."

அதை இருமுறை படித்தார். கார்ச் சாவியை எடுத்தார். "வாங்கோ, பார்கவியையும் வச்சுக்கொண்டு கதைப்பம்."

வழியில் சேகர் பொறுக்காமல் கேட்டார். "பார்கவிதானே மேடம்?"

"நாங்கள் குசினி எண்டுற இடத்தைப் பார்கவி என்னெண்டு சொல்லுவா?"

"எங்க பக்கம் சமையலறைன்னுதான். இல்லேன்னா கிச்சன்."

"ம்," என்றதோடு சிவகௌரி சாலையைப் பார்த்து ஓட்டினார்.

பார்கவி வாசலருகே பெட்டியோடு நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. எல்லோரும் உட்கார்ந்ததும் சிவகௌரி நிதானமாகத் தொடங்கினார்.

"சேகருக்கு வந்ததில 'வீட்டுக் குசினியில் விழுந்து' எண்டு இருக்கு. சேகர் அதை வெட்டிப்போட்டார். வெளிவந்த செய்தியில குசினியே இல்லை. அப்ப குசினி தெரிஞ்சது சேகருக்கும் அனுப்பினவருக்கும் மட்டும்தான்." அவர் ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "காலையில என்ர வீட்டில குசினியைச் சொன்னது நீங்கள், அண்ணை."

சேகருக்குச் சுருக்கென்றது. வெட்டிய கை அவருடையது; கேட்ட காதும் அவருடையதுதான்.

"ஆனா மேடம், அங்கிளுக்கு டைப் பண்ண வராதே!"

"அதில முற்றுப்புள்ளி ஒண்டும் இல்லை. மூச்சுவிடாமல் ஓடுது. ஃபோனுக்கு வாயால சொல்லி எழுத வச்சது. பார்கவி எழுதியிருந்தால் புள்ளி இருந்திருக்கும், குசினி இருந்திராது. ஊருக்குச் சொல்லுறதுக்கு நீங்கள் இதைச் செய்யேல்லை. ஒரு ஆள் வருவாரோ எண்டு பார்க்கத்தான். இல்லையோ அண்ணை?"

ஸ்ரனிஸ்லாஸ் வாசலைப் பார்த்தார். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கறுப்புக் கோட்டுடன் உள்ளே வந்த மரியதாஸ் தமையனைக் கண்டு நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் இதைப் போட்டது?"

றொமேஷின் பார்வை பழக்கத்தில் மனைவியிடம் போய்த் திரும்பியது. ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கண்டார்; எழுந்து நின்றார்.

"நான்தான். இந்தப் பிள்ளை இல்லை. இவவில பழி விழேக்கையும் நான் வாய் திறக்கேல்லை."

"இரவிரவா அழுதுகொண்டு வந்தனான்," என்றார் மரியதாஸ். "இனி நீ மெய்யாச் செத்தாலும் அழ என்னட்ட கண்ணீர் இல்லை." சொல்லிவிட்டுக் கதிரையொன்றை இழுத்து, தமையன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் மருமகளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் அந்தக் கைகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இன்னைக்கு அனோஜினி வீட்டுல இருக்கேன், மாமா. திரும்பி வர்றதைப் பத்தி நாளைக்குப் பேசலாம்." பிறகு கணவனிடம் திரும்பினாள். "அவர் சொல்லலை, சரி. நீங்க என்னை நம்பியிருக்கலாம்."

றொமேஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் கார்வரை நடந்தான்.