ம் கொட்டும் சுவர்

கைபேசி இணைப்பு எப்போதோ அறுந்து திரை கறுத்துக் கிடந்தது. லோஜினி அது தெரியாமல் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்ததும் வாயை மூடினாள். ஆனால் இவ்வளவு நேரமும் அவள் பேச்சுக்கு நடுநடுவே வந்துகொண்டிருந்த "ம்" இன்னொரு தடவை வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மிகப் பொறுமையாக.

அப்பாதான் ம் கொட்டுகிறார் என்று நினைத்திருந்தாள். சிவசம்பு அப்படிப்பட்டவர். மகள் என்ன கத்துக் கத்தினாலும் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு "ம்" போடுவார். கேட்க ஆளிருந்தால் கோபம் தானாக வடிந்துவிடும் என்று நம்புகிற மனிதர்.

இது வடிகிற கோபமா என்ன? கோலாலம்பூரில் படிப்பு என்று அந்த முகவர் வாய் கூசாமல் சொன்னான். அப்பாவும் தலையாட்டினார். வந்து இறங்கினால் காப்பார் என்கிற சின்ன ஊர். கல்லூரியின் பெயர்ப்பலகையில் மட்டும்தான் கோலாலம்பூர் இருந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வீட்டையே உலுக்கிக்கொண்டு போயின. மழை விட்டால் கால்வாய் நாற்றமும் ஈரப் பலகையின் புளித்த வாடையும் அறைக்குள் ஏறி வந்து படுக்கை விரிப்பு வரைக்கும் ஒட்டிக்கொண்டன. சன்னலைத் திறந்தால் மின்நிலையத்துப் புகைபோக்கி, மூடினால் புழுக்கம். மோட்டார் சைக்கிள் இல்லாதவள் குளிக்க ஒரு சவர்க்காரம் வாங்கக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். வாயைத் திறந்தால், "சிலோன் தமிழ் அழகா இருக்கு லா" என்று இந்த ஊர் 'லா'வும் போட்டு வகுப்பில் சிரிக்கிறார்கள். அழகாம்.

வீட்டுக்காரி தனலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் லோஜினி கேட்டாள்.

"அக்கா, பக்கத்து அறையில ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்ல. பழைய சாமான்தான் கெடக்கு." தனலெட்சுமி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு முன்ன இருந்த பொண்ணும் இதேதான் கேட்டுச்சு. அதுவும் படிக்க வந்ததுதான். வந்த புதுசுல ஒன்ன மாதிரியே ஒரே கோவம், ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கும். அப்புறம் திடீர்னு சரியாயிடுச்சு லா. இப்ப கிள்ளான்ல கல்யாணம் கட்டிக்கிட்டு நல்லா இருக்கு. நீயும் பழகிடுவ. வா, சாப்பிடு."

"பசிக்கேல்லை. நான் பழகவும் மாட்டன்."

கதவை அடித்துச் சாத்தினாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இந்தப் பாழாய்ப்போன ஊரில் சிரிக்காமல் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று அவள் சுவரோரம் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அப்பாவின் அழைப்புகளை எடுக்கவில்லை. அனுப்பி வைத்தவர் தவிக்கட்டும். முகவரைத் திட்டினாள். ம். வகுப்பைத் திட்டினாள். ம். திட்ட ஆள் தீர்ந்ததும் அம்மா செத்த கதையைச் சொன்னாள். அதன் பிறகு அப்பா சமைக்கப் பழகியதை, சாமத்தில் எழும்பித் தன் போர்வையைச் சரிசெய்ததை, தன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரை. சுவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு மாலையும் அந்த "ம்" பலகைக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது. ஒவ்வொரு காலையும் அவள் தொண்டை இன்னும் கரகரத்தது. ஒரு நாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வகுப்பறை ஏ.சி. குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் மழை கொட்டிக்கொண்டிருக்கையில் அப்பாவின் செய்தி வந்தது. "ஒரு வார்த்தை கதை பிள்ளை. உன்ர குரலைக் கேட்டாப் போதும்."

அதற்கு மேல் அவளால் வீம்பு பிடிக்க முடியவில்லை. அழுகை முட்டியது. அப்பா என்று சொல்லிப் பார்த்தாள், அழைப்பதற்கு முன்னால். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அது அவளுடைய செருமல்.

கோபம் திரும்பி வந்தது. கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனாள். பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பாச்சை உருண்டை வாடை. அட்டைப் பெட்டிகள். சுருட்டிய பாய். ஆள் இல்லை. இன்னும் ஓர் அடி உள்ளே வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

அவளுடைய அறையில் கைபேசி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"அப்பா."

அவள் குரல். முழுசாக. கரகரப்பே இல்லாமல்.

"நான்தான் அப்பா. கோபமெல்லாம் போயிட்டுது. இந்த ஊர் நல்லாப் பழகிட்டுது லா."

கைபேசியில் சிவசம்பு சிரிப்பது பலகை இடுக்கு வழியாகக் கேட்டது. அழுதுகொண்டே சிரித்தார். "நீ கதைக்கிற விதமே மாறிப்போச்சு பிள்ளை. இப்பதான் எனக்கு உயிர் வந்தது."

லோஜினி கதவை இடித்தாள். சத்தம் எழவில்லை. உதைத்தாள். எழவில்லை. ஓடிப்போய்ப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அவள் கட்டில். அவள் சட்டை. அவள் முகம், சுவரைப் பார்த்தபடி. கன்னத்தில் கைபேசி. அந்த முகம் இடுக்கைக் கண்டுகொண்டது. எழும்பி வந்தது. சுவரோரம், அவள் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

"உன்னைப் பார்க்க வரவோ?" என்றார் அப்பா. "தனியத்தான் இருக்கிறன். வந்து கொஞ்ச நாள் உன்னோட நிக்கட்டோ?"

"வாங்கப்பா." கண்ணுக்கு நேரே அந்த வாய் அசைந்தது. "வந்து இங்கயே இருங்க லா. ஒங்களுக்கும் ரூம் இருக்கு."

வராதேங்கோ அப்பா. நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். அது நான் இல்லை. வராதேங்கோ.

"ம்," என்றது அவள் தொண்டை.