கயிற்றைத் தொடாத நாள்

வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் பெரிய ஏரி. அதன் கரையில் இருந்த நீச்சல் கிளப்பில் தமிழரசிக்கு ‘தொரி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தொரி என்றால் வங்காள மொழியில் கயிறு.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. போன வருடம் தொடர் நீச்சல் போட்டி நடந்தது. ஓர் அணிக்கு நான்கு பெண்கள், ஆளுக்கு ஐம்பது மீட்டர். ஒருத்தி வந்து பலகையைத் தொட்டதும் அடுத்தவள் குதிக்க வேண்டும். தமிழரசிதான் மூன்றாவது. பாதி தூரம் நன்றாகப் போனாள். பிறகு மூச்சு முட்டியது. கைகள் கனத்தன. ‘முடியாது, உன்னால் முடியாது’ என்று மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் மிதந்த கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றைப் பிடித்தால் அணியே வெளியே!

எதிர்ப்பக்கப் பலகையில் நான்காவது ஆளாக மௌ நின்றிருந்தாள். பாவம், தண்ணீரில் ஒரு விரல்கூட நனையாமல் தோற்றுப்போனாள். அன்றிலிருந்து அவள் தமிழரசியிடம் பேசுவதில்லை. பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான்.

இந்த வருடம், அதாவது 1999-இல், பயிற்சியாளர் பிமல்தா அதே நான்கு பேரையும் மறுபடி அணியில் சேர்த்தார். ஆனால் தமிழரசியைத் தனியாகக் கூப்பிட்டு, “போட்டி ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் கயிற்றை விடாவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள். நீ சின்னப் பிள்ளைகளோடு ஆழமில்லாத பக்கம் போய்விடு” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டார்.

அந்தச் சின்னப் பிள்ளைகளில் அவளுடைய தம்பி கோபுவும் ஒருவன். ஆறு வயது. மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தவளை மாதிரி காலை உதைப்பான்.

“அக்கா, நீயும் எங்க பக்கம் வரியா? ஜாலியா இருக்கும்!” என்றான் கோபு.

தமிழரசிக்கு அழுகை வந்தது.

தினமும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. தமிழரசி ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பாள்.

“ஒரு வாய் பாலாவது குடிச்சிட்டுப் போடி!” என்று அம்மா சாவித்திரி கத்துவாள்.

“நேரமில்லம்மா!” என்ற பதில் மாடிப்படியிலிருந்து வரும்.

எப்படிச் சீக்கிரம் எழுந்திருப்பது? அது உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்த கோடை. ஆட்டங்கள் இங்கிலாந்தில். இங்கே முடிய ராத்திரி பதினொன்று ஆகிவிடும். அப்பா மாணிக்கம் ரயில்வே அலுவலகத்திலிருந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

காலையில் தமிழரசி அரைத் தூக்கத்தில் ஓடுவாள். குதிப்பாள். பாதி வழியில் குரல் கேட்கும். கயிறு!

“தொரி!” என்று கரையிலிருந்து மௌ கத்துவாள்.

ஒருநாள் சாயங்காலம், ஆட்டம் சூடுபிடித்திருந்த நேரத்தில், பட்டென்று மின்சாரம் போய்விட்டது.

“அந்தொகார்! அந்தொகார்!” என்று கத்தினான் கோபு. இருட்டைப் பார்த்தால் அவனுக்கு வங்காளம்தான் வரும்.

“லோட்-ஷெட்டிங்குக்கு நேரம் காலமே இல்லையா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அப்பா. ரேடியோவைத் தேடி எடுத்தார். அதில் பேட்டரி செத்துப் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கெல்லாம் எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஊரெங்கும் பந்த். பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, அப்பாவுக்கு அலுவலகமும் கிடையாது. தமிழரசிக்கு ஐந்து மணிக்குத் தானாகவே விழிப்பு வந்தது. பாலைக் குடித்தாள். ஒரு வாழைப்பழத்தை உரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆற அமரத் தின்றாள். பிறகு வெறிச்சோடிக் கிடந்த தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏரிக்கு நடந்தாள். பிமல்தா சைக்கிளில் வந்துவிட்டிருந்தார்.

அன்று தமிழரசி குதித்தாள். நீந்தினாள். இன்னும் நீந்தினாள். ‘டக்’கென்று கையில் ஏதோ இடித்தது. பார்த்தால் எதிர்ப்பக்கப் பலகை! கயிற்றைத் தொடவே இல்லை.

“ஆரே!” என்றார் பிமல்தா. விசில் வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

பந்த் முடிந்தது. அன்று ராத்திரி மறுபடியும் கிரிக்கெட். அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஓட்டம். மறுபடியும் கயிறு.

தமிழரசி குழம்பிப்போனாள். நேற்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை? ஒரே நாளில் யாராவது நீச்சலை மறப்பார்களா?

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்களை அவள் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் எத்தனை மணிக்குத் தூங்கினாள், காலையில் என்ன சாப்பிட்டாள், கயிற்றைப் பிடித்தாளா என்று எழுதினாள். சில நாள் வேண்டுமென்றே சீக்கிரம் படுத்துப் பார்த்தாள். சில நாள் பாலை மட்டும் குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

பத்துத் தாள் சேர்ந்ததும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. நன்றாகத் தூங்கி, வயிற்றுக்குள் ஏதாவது போட்டுக்கொண்டு போன ஒரு நாளில்கூட அவள் கயிற்றைப் பிடிக்கவில்லை!

“அப்பா! நம்ம வீட்ல தினமும் பந்த் நடத்தணும்.”

“என்னது?”

“ராத்திரி எட்டரைக்கு லோட்-ஷெட்டிங். காலையில நிதானமா பந்த்.”

தாள்களை நீட்டினாள். அப்பா ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. பிள்ளை கணக்காகத்தான் பேசுகிறாள் என்று புரிந்தது.

“ஃபைனல் அன்னைக்கு?” என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

“அன்னைக்கு மட்டும் ஒன்பதரை.”

“பத்து?”

“ஒன்பதரைப்பா!”

முதல் மூன்று நாள் பெரும்பாடு. பக்கத்து வீட்டு டிவியிலிருந்து கைதட்டல் கேட்கும்போதெல்லாம் தமிழரசிக்கு எழுந்து ஓடத் தோன்றியது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். நான்காம் நாள் தூக்கம் தானாக வந்தது. எட்டேகாலுக்கே முதல் கொட்டாவி விட்டவர் அப்பாதான்.

தண்ணீரில் அந்தக் குரல் உடனே போய்விடவில்லை. ஆனால் தாமதமாக வந்தது. கொசு மாதிரி மெல்லிசாக வந்தது. ஜூலை முடிவதற்குள் தமிழரசி அதைக் கேட்டுக்கொண்டே நீந்தப் பழகிவிட்டாள். பிமல்தாவும் வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிட்டார். “இப்பல்லாம் அக்கா என்னைக் கிள்ளறதே இல்ல” என்று கோபு அம்மாவிடம் ஆச்சரியப்பட்டான்.

மௌ மட்டும் நம்பவில்லை. “போட்டி அன்றைக்குப் பார்க்கலாம்” என்று தோளைக் குலுக்கினாள்.

போட்டி நாளும் வந்தது. வானம் மூடியிருந்தது. கரை முழுக்கக் குடைகள். தமிழரசி நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, ஒரு பழத்தைக் கையிலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மௌ உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. விரல்கள் நடுங்கின.

“என்ன ஆச்சு?” என்று வங்காளத்தில் கேட்டாள் தமிழரசி.

“ராத்திரி முழுக்கத் தூக்கமே வரலை. காலையிலேருந்து எதுவும் சாப்பிடலை. என்னால முடியாது. பிமல்தாகிட்ட சொல்லிடறேன்.”

‘இப்ப யாரு தொரி?’ என்ற கேள்வி தமிழரசியின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. ஆனால் மௌவின் நடுங்கும் விரல்களைப் பார்த்தாள். அவளுக்குள்ளும் அந்தக் குரல்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. அது எவ்வளவு பொல்லாதது என்று தமிழரசிக்கா தெரியாது?

கேள்வியை விழுங்கிவிட்டு, வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.

“நம்ம போட்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மெதுவா மென்னு தின்னு.”

“நான்தான் உன்கிட்டப் பேசறதே இல்லையே?”

“அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பழத்தை முழுங்கு.”

மௌவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழம் பாதி உள்ளே போனதும் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. தமிழரசி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இருவரும் கரையோரம் மெல்ல நடந்தார்கள். ஒரு மரத்தடியில் நின்று பத்து முறை மூச்சை இழுத்து விட்டார்கள். பத்தாவது முடிந்ததும் மௌவின் விரல்களில் நடுக்கம் நின்றிருந்தது.

“நான் எதிர்ப் பலகையில நிக்கறேன். நீ வந்துடுவேல்ல?” என்று கேட்டாள் மௌ.

“வந்துடுவேன்.”

விசில் ஒலித்தது. முதல் இரண்டு பெண்களும் உயிரைக் கொடுத்து நீந்தினார்கள். ஆனாலும் தமிழரசி குதிக்கும்போது அவர்கள் அணி மூன்றாவது இடத்தில் இருந்தது.

நீர் குளிர்ந்திருந்தது. கை, கை, மூச்சு. கை, கை, மூச்சு. ஒருத்தியைத் தாண்டினாள். சரியாகப் பாதி தூரத்தில் அந்தக் குரல் வந்தது. ‘முடியாது.’ இடது பக்கம் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. நன்றாக எட்டும் தூரம்.

தமிழரசி அதைப் பார்த்தாள். ‘எனக்கு இன்னும் தெம்பு இருக்கு, போ!’ என்று மனசுக்குள் அதட்டினாள். காலை இன்னும் வேகமாக உதைத்தாள். கயிறு பின்னால் போனது. குரலும் போனது.

“வா! வா! வா!” என்று எதிரே மௌ குதித்துக் குதித்துக் கத்தினாள்.

டக்! பலகை! அவள் தலைக்கு மேலே மௌ அம்பு போலப் பாய்ந்தாள்.

தமிழரசி பலகையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். மௌவும் முதலில் போனவளும் சேர்ந்தே போனார்கள். கடைசி ஐந்து மீட்டரில் மௌவின் கை முந்தியது. தொட்டாள்!

கரையில் கூச்சல் கிளம்பியது. பிமல்தா விசிலை விடாமல் ஊதினார். குடையைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மா கைதட்டினாள். “எங்க அக்கா! எங்க அக்கா!” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான் கோபு.

நான்கு கழுத்துகளில் நான்கு பதக்கங்கள் தொங்கின. பலகை மேல் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, அப்பா கேமராவைக் கண்ணில் வைத்தார்.

“எல்லாரும் ஆடாம நில்லுங்க! ஒண்ணு... ரெண்டு...”

மௌ தமிழரசியின் கையைப் பிடித்தாள். தமிழரசி மற்ற இருவரையும் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்பா ‘மூணு’ என்பதற்குள் நால்வரும் பதக்கங்களோடு ஏரிக்குள் பாய்ந்துவிட்டார்கள்!

படம் கழுவி வந்தபோது அதில் ஒரு முகம்கூட இல்லை. அந்தரத்தில் எட்டுக் கால்களும், பூவாய்ச் சிதறிய தண்ணீரும்தான் இருந்தன. கிளப் சுவரில் சட்டம் போட்டு மாட்ட, பிமல்தா அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.