விளம்பர நேரத்துச் சஹன்

தாஹிருக்குப் புலிப்பொரி என்றால் உயிர். சோற்றைக் கண்டால் மட்டும் காத தூரம் ஓடுவான்.

எல்லாம் ஸாலிஹா மாமி வீட்டுக்கு டிவி வந்ததால் வந்த வினை. கிண்ணியாவில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் மாமி வீட்டுப் பாயில் இடம் பிடித்துவிடுவார்கள். படத்துக்கு இடையில் விளம்பரம் வரும். ஒரு பையன் புலிப்பொரி பக்கெட்டைப் பிரித்து, ஒரு பிடி வாயில் போட்டு, யானையோடு கயிறு இழுத்து வெல்லுவான். தாஹிர் கண் கொட்டாமல் பார்ப்பான்.

அவனுக்கு ஆறு வயது. காய்ச்சலில் கிடந்து எழும்பி எலும்பும் தோலுமாக இருந்தான்.

"ஒழுங்காச் சாப்பிடாட்டி, தோணித்துறை தாண்டிக் கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரி வார்டிலதான் போட வேணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு உம்மா அழுதாள். பதினொரு வயது ராத்தா ஸல்ஹாவும் பயந்து போனாள்.

"ஒரு வாய் தின்னுடா தம்பி. மீன் ஆணம் நல்லா இருக்கு."

"வேணாம். புலிப்பொரி தாங்க. நான் யானையை இழுக்கணும்."

"அது பொய்யடா!"

"பொய்யெண்டா ஏன் டிவியில சொல்றாங்க?"

ஸல்ஹா ஒருத்தி எத்தனை தரம் சொல்லுவாள்? டிவியோ அந்திக்கு அந்தி விடாமல் சொல்லுகிறது. யோசித்துப் பார்த்துவிட்டு நேரே மாமி வீட்டுக்குப் போனாள்.

"மாமி, விளம்பரம் வரக்குள்ள டிவியைத் துணியால மூடுவமா?"

மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். "இதென்ன கூத்து புள்ள! டிவிக்கும் முக்காடா?"

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமியின் புருஷன் அலியார் மாமா சிரிக்கவில்லை. "காசு குடுத்து வாங்கினது மூடி வைக்கவா?"

"சாமான் விக்கிறவன் தன்ட சாமானை நல்லமெண்டுதானே சொல்லுவான், மாமா? அது உங்களுக்கு விளங்கும். தம்பிக்கு விளங்காதே. அவன் சோறு தின்னாம வார்டுக்குப் போகப் போறான்." சொல்லும்போதே ஸல்ஹாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா தாடியைத் தடவினார். "சரி, மூடு. புள்ளைகள் கத்தினா நீதான் பொறுப்பு."

கத்தத்தான் செய்தார்கள். அன்று துணியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்ததும், "எடு! எடு!" என்று வீடே இரண்டுபட்டது. தாஹிர் பாயில் உருண்டு அழுதான். வெறும் துணியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பாவம், அவர்கள் மேலும் பிழையில்லை.

மறுநாள் ஸல்ஹா வெறுங்கையோடு வரவில்லை. கந்தூரி விருந்தில் பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு இருக்கிறதே, சஹன், அதில் உம்மா சோறும் முள்ளெடுத்த மீனும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

விளம்பரம் வந்தது. துணி விழுந்தது. சஹன் நடுவில் வந்தது.

"பிஸ்மில்லாஹ்!" கைகள் இறங்கின. தாஹிர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சஹனில் அவரவர் முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு. ஆனால் பக்கத்து வீட்டு ரபீக்காவின் கை சும்மா இருக்குமா? தாஹிர் பக்கத்து மீன் துண்டை நோக்கி மெல்ல ஊர்ந்தது.

"ஏய்! அது என்ட பக்கம்!"

"நீதான் தின்னல்லையே?"

"தின்னுவன்!" மீனைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டான். ரபீக்காவின் கை மறுபடி ஊர்ந்தது. அவசரமாக ஒரு கவளம் சோறு. பிறகு இன்னொன்று.

அலியார் மாமா துணியைத் தூக்கினார். "புள்ளைகள், படம் தொடங்கிட்டு!"

தாஹிர் வாய் நிறையச் சோற்றோடு கையை ஆட்டினான்.

"கொஞ்சம் மூடுங்க மாமா! இப்ப படம் பார்த்தா ரபீக்கா என்ட பங்கையும் தின்னுருவா!"