தண்ணீர் வரும் நேரம்

கன்னிகா கண் விழித்தபோது பாயின் ஓரம் நனைந்திருந்தது. மே மாதத்து மதியம். மின்விசிறி சூட்டை அறைக்குள்ளேயே சுழற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் தொங்கவிட்ட பழைய புடவை வழியே வந்த வெயில் சுவரில் மஞ்சளாகப் படிந்திருந்தது. பக்கத்தில் ஐந்து வயது ஹர்ஷினி குப்புறப் படுத்துத் தூங்கினாள். அந்த அமைதிக்கு அடியில் மெலிதாக ஒரு சத்தம், யாரோ சொம்பிலிருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் கவனமாக ஊற்றுவதைப் போல, விட்டுவிடாமல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். குளியலறையில் பக்கெட் நிரம்பி வழிந்து, தண்ணீர் படியைத் தாண்டி அறைக்குள் வந்திருந்தது. மணி இரண்டு நாற்பது.

குழாயைத் திறந்து வைத்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மறந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டு திருகி மூடினாள். தண்ணீர் நின்றது. உடனே இல்லை, கொஞ்சம் யோசித்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது.

திருப்பதியில் அலிபிரி சாலைக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் இருந்தது அந்த வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, ஒரே ஒரு குழாய். மார்ச் கடைசியில்தான் பிச்சாட்டூரிலிருந்து குடிவந்திருந்தார்கள். கணவன் ஹரிபிரசாத்துக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் போன் பாகங்கள் பூட்டும் வேலை. ஆர்டர் அதிகம் என்பதால் வாரம் முழுக்க கம்பெனி விடுதியிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். சித்தூரில் இருந்த வீட்டுக்காரர் பிரபாகர் சாவியைக் கொடுத்தபோது, "தண்ணிக்கு மட்டும் இங்க கஷ்டமே வராதும்மா" என்று சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஊரெல்லாம் உப்பாக இருக்கும் தண்ணீர் இங்கே இளநீர் மாதிரி இனித்தது. இரண்டாவது வாரமே கேன் வாங்குவதைக் கன்னிகா நிறுத்திவிட்டாள்.

இதுவரை தண்ணீருக்கு நேரம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. திறந்தால் வந்தது. இப்போது வழிந்து பாய் நனைந்தபிறகுதான், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன்னால் குழாயைப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. கேட்க ஆள் இல்லை. சந்தில் முகம் தெரிந்த ஒரே ஆளான எதிர்வீட்டு ரத்னம்மா மலைப்பாதைப் படிக்கட்டருகே பூ விற்கிறவள். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவாள். அதனால் என்ன, போன் இருக்கிறது. ஹரிபிரசாத்தின் பி.எப். நம்பரையும் ஹர்ஷினியின் ஆதாரில் இருந்த தப்பைத் திருத்தும் வழியையும் போனில் தேடிக் கண்டுபிடித்தது அவள்தான். இது ஒரு நிமிட வேலை.

'திருப்பதி தண்ணீர் வரும் நேரம்' என்று அடித்தாள். தரிசன நேரம் வந்தது. அடுத்து, தமிழ்நாட்டுத் திருப்பத்தூரில் காலிக் குடங்களோடு மறியல் செய்தவர்களின் படம் வந்தது. ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தாள். விடுதிகளில் வெந்நீர் வரும் நேரம். தலக்கோணா அருவியில் எந்த மாதம் தண்ணீர் கொட்டும். சுத்திகரிக்கும் மெஷின் விளம்பரங்கள், மூடினால் இன்னொன்று, அதை மூடினால் வேறொன்று. ஒரு வீடியோவில் ஒருவர் ஒன்பது நிமிடம் தண்ணீரின் அருமையைப் பற்றிப் பேசி, கடைசிவரை நேரத்தைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்னொரு பக்கம் போன் நம்பர் கேட்டது, ஓ.டி.பி. கேட்டது, பிறகு வெள்ளையாக நின்றுவிட்டது. மறுநாள் காலையிலிருந்து மெஷின் விற்கிறவர்கள் இந்தியில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் குழாயை இறுக்கி மூடி, அதன் மேல் ஒரு துணியையும் கட்டிவிட்டுப் படுத்தாள். இரண்டு நாற்பதுக்கு அதே சத்தம். ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் வருமுன் காற்று இருமும், துரு துப்பும். இது இருமவில்லை, செருமவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தது வெளியே வருவது போல வந்தது. வாஷர் போயிருக்கும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து ஹரிபிரசாத் லாக்கரிலிருந்து போனை எடுத்துக் கூப்பிட்டான்.

"இன்னாமே, குரல் ஒரு மாதிரி கீது?"

"தண்ணி எப்ப வுடறாங்கன்னு தேடிக்கினு கீறேன். எங்கயும் கெடைக்கல."

"வருதா இல்லியா?"

"வருது."

"அப்பறம் இன்னாத்துக்குத் தேடற? வராதவன் தேடணும். வுடு. பாப்பா துன்னாளா?"

"துன்னா. ஆனா தண்ணியே கேக்க மாட்டேன்றா. இந்த வெயில்ல நாள் முழுக்க ஒரு வாய் குடிக்கல."

"கோயில் கொளத்துல நீஞ்ச வுட்டாலும் அவ குடிக்க மாட்டா" என்று சொல்லிச் சிரித்தான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான்.

கன்னிகா டம்ளரில் தண்ணீர் மொண்டு மகளிடம் நீட்டினாள். ஹர்ஷினி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஒரு வாய் குடிடி."

"வேணாம்மா. கழுத்து வரிக்கும் கீது."

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு அது கிடைத்தது. யாரோ கேட்ட பழைய கேள்விக்கு யாரோ போட்டிருந்த பதிலில் ஒரு இணைப்பு. அதைத் தொட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் உள்ள, கோணலாக ஸ்கேன் செய்த தெலுங்குக் கோப்பு. கன்னிகாவுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடாகப் பேச வரும். படிப்பதற்கு எழுத்துக் கூட்ட வேண்டும். கூட்டினாள். தெருப் பெயர்களும் அவற்றுக்கு எதிரே நேரமும் இருந்தன. காலை ஆறு முதல் ஆறே முக்கால், ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்துத் தெரு இருந்தது. அதற்கடுத்த தெரு இருந்தது. மூன்று நாள் தேடி அலைந்த பொருள் கைக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. விரலால் நகர்த்தித் தன் சந்தின் பெயரைப் பிடித்தாள்.

நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில், 'லைன் லேது.'

லைன் இல்லை. தப்பாகப் போட்டிருப்பார்கள். இன்னும் நகர்த்தினாள். கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல், துண்டித்த இணைப்புகளுடையது. அதில் அவள் வீட்டு எண் இருந்தது. தேதி பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. மனு கொடுத்தவர் பெயர், சுந்தரம்மா. காரணம் என்ற இடத்தில் கையால் எழுதிய ஒரே வரி. ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலக் கூட்டிப் படித்தாள்.

'குழாயி கட்டேசினா நீள்ளு ஆகடம் லேது.'

குழாயை மூடினாலும் தண்ணீர் நிற்பதில்லை.

அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் டேங்கர் லாரியின் ஹாரன் கேட்டது. வழக்கமாகக் கேட்கிற ஹாரன்தான். யாருக்கோ என்று இத்தனை நாள் படுத்தே இருந்திருக்கிறாள். இன்று எழுந்து வெளியே போனாள். சந்தில் இருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் நீல டிரம்மோடும் குடத்தோடும் வெயிலில் நின்றிருந்தார்கள். டேங்கர் வருகிற நாளில் ரத்னம்மா கடைக்குப் போவதில்லை போலும், அவளும் இருந்தாள்.

"ஏம் அம்மாயி, இன்னிக்காச்சும் தண்ணி புடிக்க வந்தியே" என்றாள். "கேன் வாங்கியே காலம் தள்ளற, காசுக்காரின்னு நெனச்சேன்."

"எங்க ஊட்டுல குழாய்ல வருதே, அக்கா."

ரத்னம்மாவின் கையில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"இந்த சந்துல குழாயே லேதே, அம்மாயி."

"சுந்தரம்மான்றவங்க யாரு?"

ரத்னம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உன் ஊட்டுல இருந்தவ. ஒண்டிக்கட்ட. தண்ணி நிக்கல, தண்ணி நிக்கலன்னு ஆபீஸ் ஆபீஸா நடந்தா. கட் பண்ண ஆளு வந்தப்ப கதவு உள்பக்கம் தாழ்ப்பா. ஒடச்சிக்கினு போனாங்க. நானும்தான் பாத்தேன். ஊடு பூரா முட்டி ஒசரம் தண்ணி. பொடவ, ரவிக்க, கண்ணாடி வளையலு, எல்லாம் ஆளு படுத்து கீற மாதிரியே கட்டில் மேல இருந்துச்சி. ஆளு லேது."

"எங்க போனாங்க?"

"எங்க போறதுக்கு? தாழ்ப்பா உள்ள போட்டிருந்துச்சின்னேனே."

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இடுக்கில் ரத்னம்மா அவளைக் கூட்டிப்போய்க் காட்டினாள். குளியலறைச் சுவரிலிருந்து ஒரு சாண் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. துரு உதிர்ந்து கிடந்தது. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அந்த நூல்களில் ஒரு துளி ஈரம் இல்லை. கன்னிகா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், தண்ணீர் விழ ஆரம்பித்தது. போனைப் பார்க்கவில்லை. மணி என்னவென்று தெரியும்.

ரத்னம்மா திரும்பி நடந்தாள். அப்புறம் ஓடினாள்.

உள்ளே ஹர்ஷினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். குளியலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, தெரிந்தவர் பேசுவதைக் கேட்பது போல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னிகா குழாயைத் தொடக்கூட இல்லை. பையில் நாலு துணியைத் திணித்தாள். பிச்சாட்டூர் பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் அடித்தாள். ஒரு நொடியில் பதில் வந்தது. மூன்று ஐம்பது. இத்தனை சுலபமாக இதுவரை எதுவும் கிடைத்ததில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பின்னால் வந்த சத்தத்தைக் காதில் வாங்காமல் ஆட்டோ ஏறினாள்.

குழந்தை கனத்தாள். நிறைகுடத்தைத் தூக்கும் கனம்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வடமாலப்பேட்டை தாண்டியதும் காற்று வந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. தோப்பில் கூடை கூடையாகக் காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். முன்னால் யாரோ வேர்க்கடலை உரித்துத் தின்னும் வாசனை வந்தது. கன்னிகாவுக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. ஹரிபிரசாத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'அம்மா ஊட்டுக்குப் போறேன். நீயும் அங்க வா. திருப்பதி ஊட்டுக்குப் போவாத.' இனி அந்த வீடு வேண்டாம். சாமான்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

புத்தூரில் நின்று கிளம்பியபோது முன் இருக்கைக் கிழவி காலைத் தூக்கிக்கொண்டாள். பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு முன் இருந்தவரும் குனிந்து பார்த்தார்.

கண்டக்டர் வந்தார். "எவருதம்மா பாட்டில்? மூடி போடுங்க. பஸ் பூரா தண்ணி."

கன்னிகா கீழே பார்த்தாள்.

பஸ் தரையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தெளிவாக. ஓட்டுநர் இருக்கை வரைக்கும். அவள் காலடியிலிருந்து.

மடியைப் பார்த்தாள். ஹர்ஷினியின் கை இருக்கைக்கு வெளியே தொங்கியது. ஐந்து விரல். ஐந்து நுனியிலிருந்தும் நூல் போல. கையைப் பிடித்தாள். முந்தானையைச் சுற்றினாள். இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். துணிக்குள் கை மெலிந்துகொண்டே போனது. ஹர்ஷினி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணின் இரண்டு ஓரமும் வழிந்தது. அழுகை இல்லை. கவுனின் கழுத்தும் கையும் தொளதொளத்திருந்தன. மடியில் கனமே இல்லை.

"ஏம்மா, உங்களத்தான். உங்களுதா?" கண்டக்டர் கிட்டே வந்து குனிந்தார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. கழுத்து வரைக்கும் ஏதோ குளிர்ந்து நின்றது. இனித்தது. அவள் உதடுகளுக்கு நடுவிலிருந்து, கண்டக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது மெதுவாக வெளியே வர ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வந்தது.