சாவி எடுத்த பிறகு

சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் எஞ்சின் நான்கு விநாடி ஓடியது. இரண்டு குட்டி உறுமல், ஒரு நீள உறுமல், அதன் பிறகுதான் நின்றது. நிர்மல் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நன்றாகச் சூடேறிய கார்புரேட்டர் எஞ்சின் சில சமயம் இப்படி அடம்பிடிக்கும். ஆனால் இது காலையிலிருந்து குளிர்ந்து கிடந்த எஞ்சின். ஒரு நிமிடம்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை.

புனே பக்கத்துப் போசரியில் வியாழக்கிழமை மின்விடுமுறை என்பதால் சுற்றுவட்டாரத்தில் ஒரு லேத்கூட ஓடவில்லை. பட்டறையின் தகரக் கூரைமேல் ஆகஸ்ட் மழை இரைந்துகொண்டிருக்க, ஈர இரும்பும் பழைய ஆயிலும் பெட்ரோலும் கலந்த வாடைக்கு நடுவே, பாதி இறக்கிய ஷட்டரின் கீழே வந்த சாம்பல் வெளிச்சத்தில், பழைய ஃபியட் பானெட்டைத் திறந்தபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். ஓட்டப்போவது நிர்மல். எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தியவன் துரைசாமி. பக்கத்து ஊரான கட்கிக்காரன், பன்னிரண்டு வருடச் சிநேகிதன். வளைவில் சொன்னபடி கேட்காத எஞ்சின் ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடும். ஏதோ வெளியூர் டாக்டர் வைத்திருந்த வண்டியின் எஞ்சின், கீறல்கூட இல்லை என்று துரைசாமி சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் நிர்மல் உயிரைப் பணயம் வைத்திருந்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் நிர்மலின் தம்பி விஸ்வேஸ்வரன் இதே போல இரட்டை கார்புரேட்டர் வைத்த ஃபியட்டில்தான் மலைப்பாதையில் விழுந்து செத்தான். அன்று பக்கத்து சீட்டில் உட்கார வருவதாக நிர்மல் வாக்குக் கொடுத்திருந்தான். ஷிஃப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை, போகவில்லை. சிதைந்த காரைத் துரைசாமிதான் எடுத்துப்போனான். முழுதாக நசுக்கிப் போட்டுவிட்டேன் என்று தம்பியின் மனைவி ராஜி முன்னால் சத்தியமும் செய்தான்.

நிர்மல் எஞ்சினை மறுபடி கிளப்பினான். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடித்தான். சீரான சீறல். இரண்டாவதில் பிடித்தான். சீறல் நடுவில் நின்றது. பிறகு தொடர்ந்தது. மறுபடி நின்றது. காது கொடுத்துக் கேட்பதற்காக அவன் மூச்சை அடக்கினான். அதுவும் அடக்கியது.

ஸ்க்ரூடிரைவரை அந்தக் கார்புரேட்டரின் திருகின்மேல் வைத்தான். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று ட்யூன் செய்பவர்கள் திருகின்மேல் ஒரு பொட்டு பெயிண்ட் வைப்பார்கள். துரைசாமி வைத்திருந்த வெள்ளைப் பொட்டு உதிர்ந்தது. அடியில் ஊதா.

நெயில் பாலிஷ். ராஜியின் கல்யாண நெயில் பாலிஷைத் திருடிக்கொண்டு வந்து தம்பி விஸ்வம்தான் இப்படி வைப்பான். கிளம்புமுன் ஆக்ஸிலரேட்டரை இரண்டு தட்டு தட்டி ஒருமுறை நீளமாக மிதிப்பதும் அவன்தான். அண்ணா, வா என்று அர்த்தம்.

சாவியை எடுத்தான். இந்த முறை ஒன்பது விநாடி.

முதலில் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தம்பியின் பாடைக்குத் தோள் கொடுத்த துரைசாமி, ராஜி கையால் காபி வாங்கிக் குடித்தவன், செத்தவனின் எஞ்சினை அண்ணன் வண்டியிலேயே பூட்டிவிட்டுப் பல்லைக் காட்டியிருக்கிறான். மூலையிலிருந்த தொலைபேசியில் துரைசாமியைப் பிடித்து நேரடியாகவே கேட்டான்.

"நல்ல எஞ்சின் நிர்மல். நசுக்க மனசு வரல."

நிர்மல் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"சாவி எடுத்தா நிக்குதா?" என்று துரைசாமி மெதுவாகக் கேட்டான். "என்கிட்ட நிக்கவே இல்லடா. பெட்ரோல் இல்லாமயே ரெண்டு நாள் ஓடிச்சு. அண்ணன்கிட்ட போனா அடங்கிடும்னு நெனச்சேன்."

தெரிந்தே தள்ளிவிட்டிருக்கிறான்.

எல்லாவற்றையும் கழற்றி அவன் வீட்டு வாசலில் கொட்டிவிடுவது என்று நிர்மல் தீர்மானித்தான். பாட்டரி வயரைப் பிடுங்கினான். பெட்ரோல் குழாயை உருவினான். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவை இருந்த இடத்தில் இரண்டு கரிய ஓட்டைகள்.

மழை நின்றது.

எஞ்சின் கிளம்பியது.

சாவி அவன் சட்டைப் பையில். கார்புரேட்டர்கள் மேஜைமேல், ஊதாப் பொட்டோடு. எஞ்சின் ஓடியது. பிசிறில்லாமல். அழகாக.

காற்றை அடைத்தால் எந்த எஞ்சினும் நிற்கும். பயத்திலும் கைகளுக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு ஓட்டைகளையும் இரண்டு உள்ளங்கைகளால் அழுத்தி மூடினான்.

நிற்கவில்லை.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. கதகதப்பாக. கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது.

இரண்டு குட்டி உறுமல். ஒரு நீள உறுமல்.

காரின் இடது பக்கக் கதவு, பக்கத்து சீட்டின் கதவு, மெல்லத் திறந்தது.