ஓடைக்கரை உப்புக்கல்

பிருந்தன் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். தேத்தண்ணி போட்டு, பாணில் பட்டர் பூசி, பாதி தின்றான். சப்பாத்து எடுக்க நிலவறைக்கு இறங்கினான். அலமாரிக்கு அடியில் துவாயால் சுற்றி ஒளித்து வைத்திருந்த, மான்களை வரவழைக்கக் காட்டில் வைக்கும் உப்புக்கல் ஈரமாக இருந்தது.

நேற்று இல்லாத குழி ஒன்று அதில் விழுந்திருந்தது. மான் நக்கி நக்கி உண்டாகும் வழவழப்பான குழி. நிலவறைக்கு ஒரே சாவிதான். அது அவன் கையில் இருந்தது.

கைபேசி அடித்தது. ராசன் அண்ணை. ஜெர்மனியின் எசன் நகருக்கு வெளியே இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்காடு குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

“தம்பி, பத்து மணிக்குக் காட்டுக்குப் போறன். உப்புக்கல்லை எவடத்தில வச்சனீர்?”

“ஓடைக்கரையில, அண்ணை. அடிக்கட்டையில.”

“நல்ல இடம். றோட்டுக்குக் கிட்ட வைக்கிறவன் மனிசனே இல்லை.”

“ஓம், அண்ணை.”

கல்லை வைக்கப் போன அன்று மழை. கல் பத்துக் கிலோ. ஓடைக்கரைக்கு நானூறு மீற்றர் நடக்க வேண்டும். கார் நிறுத்திய இடத்திலேயே, றோட்டோரக் கட்டையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். மூன்று கிழமையில் மான்கள் பழகிவிட்டன. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து அவன் மனைவி தேனுஜா அந்த வழியால்தான் வருவாள். கல்லை உள்ளே மாற்றச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். பிறகு ஒரு விடியலில் மான் பாய்ந்தது. அவள் கார் மரத்தில் மோதியது. பொலிஸ் போனதும் அவன் செய்த முதல் வேலை, கல்லை எடுத்து ஒளித்தது. செத்தவீட்டில் எல்லாரும் அவன் கையைப் பிடித்து அழுதார்கள். அவன் பிடிக்கக் கொடுத்தான்.

இப்போது, ராசன் அண்ணை வருவதற்கு முன், கல்லை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். பனிமூட்டம் மரங்களின் இடுப்புவரை நின்றது. ஈரச் சருகின் புளித்த மணத்துக்கு நடுவே, எங்கிருந்தோ முதியோர் இல்லத்துக் கைகழுவும் மருந்தின் வாடையும் மெல்லிதாக வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு சத்தம். சொரசொரப்பான நாக்கு கல்லில் உரசுகிற சத்தம். நின்றான். அதுவும் நின்றது. நடந்தான்.

பைக்குள்ளிருந்து வந்தது.

ஓடைக்கரை. அடிக்கட்டை. கல்லை வைத்தான். குழி இன்னும் ஆழமாகியிருந்தது. திரும்பினான். வேகமாக நடந்தான். பை வெறுமை. வியர்த்துக் கொட்டியது.

சத்தம் விடவில்லை.

பிடரியில் ஏதோ பட்டது. குளிர்ந்தது. சொரசொரப்பானது. வியர்வையை மெதுவாக, கீழிருந்து மேலாக, நக்கியது. தோளில் ஒரு கை விழுந்தது. நீல வேலைச்சட்டைக் கை. அதில் கண்ணாடித் துகள்கள்.

கார் மோதிய அன்று விடிய, வேலை முடிந்ததும் தேனுஜா போன் எடுத்துக் கேட்டாள், கல்லை மாத்திட்டியளோ என்று. போர்வைக்குள் கிடந்தபடியே அவன் “ஓம்” என்றான்.

“அப்ப நான் காட்டு றோட்டாலையே வாறன்.”